வான்கதவு திறப்பதற்கு முந்திய மணித்தியாலங்கள்: வன்னியில் புயலும் படையும் நிர்வாகமும்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ-35 வீதியில், 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயல் சேதப்படுத்திய பாலம் ஒன்றுக்குப் பதிலாக அடுத்த மாதம் டிசம்பரில் 120 அடி நீளத்தில் இரும்புப் பாலம் போடப்பட்டது. 110 தொன் எடையுள்ள பாகங்களை இந்திய விமானப்படையின் சி-17 விமானம் கொண்டுவந்து இறக்கியது. இந்திய இராணுவத்தின் பொறியியலாளர்கள் நின்று பொருத்திக் கொடுத்தார்கள். டிசம்பர் 23ஆம் திகதி இரு நாட்டு வெளிவிவகார அமைச்சர்களும் அதைத் திறந்துவைத்தார்கள். இலங்கை இராணுவம், கடற்படை, விமானப்படை, அதற்கு மேல் அயல்நாட்டு இராணுவம் என்று அந்த ஒரு மாதத்தில் வன்னி மக்கள் எத்தனையோ சீருடைகளைப் பார்த்துவிட்டார்கள்.

அப்போது தொடங்கிய வாதம் இன்னும் ஓயவில்லை. ஆமி, நேவி இல்லாவிட்டால் எத்தனை பேர் செத்திருப்பார்கள் என்று ஒரு பகுதியினர் கேட்கிறார்கள். வெள்ளத்துக்கும் ஆமிதான் வரவேண்டுமா, அப்படியென்றால் கச்சேரியும் (மாவட்டச் செயலகம்) பிரதேச சபையும் எதற்கு என்று மறுபகுதியினர் கேட்கிறார்கள். இரண்டு கேள்விகளும் நியாயமானவை. ஆனால் இரண்டுமே தண்ணீர் வந்த பிறகு என்ன செய்வது என்பதைப் பற்றியவை. வன்னியில் உயிரையும் உடைமையையும் தீர்மானிப்பது தண்ணீர் வருவதற்கு முந்திய மணித்தியாலங்கள். அந்த நேரம் முழுக்க முழுக்க சிவில் நிர்வாகத்தின் கையில் இருக்கவேண்டியது. அதை நாங்கள் பேசுவதே இல்லை.

வன்னியில் புயல் எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் பார்ப்போம். கரையோரத்தை விட்டால் இங்கே காற்று பெரிய ஆபத்து இல்லை. 1964 டிசம்பர் புயல் விதிவிலக்கு. மன்னார்ப் பக்கத்து வயதானவர்கள் அந்தக் காற்றை இன்னும் சொல்வார்கள். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு திரியாய்க்கும் குச்சவெளிக்கும் இடையில் கரையேறிய புரெவி புயல் வன்னியைக் குறுக்கே கடந்து மன்னார்ப் பக்கமாக வெளியேறியபோதும் மக்கள் பயந்த அளவுக்குக் காற்று இருக்கவில்லை. எங்களுக்கு ஆபத்து மழை. அந்த மழை குளத்தில் சேரும், குளம் நிறைந்ததும் மேலதிக நீர் வெளியேறும் வான் பாயும், வான் பாய்ந்த தண்ணீர் கீழே இறங்கும். வவுனியா வடக்குப் பக்கம் விழுந்த மழை கனகராயன் ஆறு வழியாக இரணைமடுவுக்கு வந்து, அங்கிருந்து முரசுமோட்டை, பன்னங்கண்டி, கண்டாவளைப் பக்கத்து வயல்களையும் வீடுகளையும் தாண்டி சுண்டிக்குளம் களப்புக்குப் போய், கடைசியில் கடலில் விழவேண்டும். இந்தப் பயணத்துக்கு நேரம் எடுக்கும். மலையகத்தில் மண்சரிவு நிமிடக் கணக்கில் வீட்டை மூடிவிடுகிறது. டித்வாவில் நாடு முழுக்க இறந்த அறுநூறுக்கும் மேற்பட்டவர்களில் பெரும்பாலானோர் அந்தப் பக்கத்தவர்கள். வன்னியில் மழைக்கும் வெள்ளத்துக்கும் இடையில் மணித்தியாலங்கள் கிடைக்கின்றன. அந்த இடைவெளியைப் பயன்படுத்தத் தெரிந்தால் பல சமயங்களில் படகே தேவைப்படாது.

மேற்கே மன்னார்ப் பக்கம் இன்னும் சிக்கல். அருவி ஆறு அநுராதபுரத்திலிருந்து வருகிறது. அங்கே அதன் பெயர் மல்வத்து ஓயா. மன்னாரில் ஒரு துளி மழை இல்லாத நாளிலும், அநுராதபுரத்துக் குளங்களில் திறந்த தண்ணீர் மறுநாளோ அதற்கடுத்த நாளோ மடுவுக்கும் நானாட்டானுக்கும் வந்து சேரலாம். அந்தத் தண்ணீர் ஒரு மாகாணத்திலிருந்து இன்னொரு மாகாணத்துக்கு, சிங்களம் பேசும் ஊர்களிலிருந்து தமிழ் பேசும் ஊர்களுக்கு வருகிறது. தகவலும் அதே பாதையில், தண்ணீரை விட வேகமாக வரவேண்டும்.

இரணைமடுவின் கதையை நிதானமாகப் பார்க்கவேண்டும், ஏனென்றால் ஆயத்தம் என்றால் என்ன என்பது அங்கேதான் தெளிவாகத் தெரிகிறது. நூறு வருடத்தைத் தாண்டிய அந்தக் குளம் புனரமைக்கப்பட்டு, கட்டு உயர்த்தப்பட்டு, 2018 டிசம்பர் 7ஆம் திகதி அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவால் திறந்துவைக்கப்பட்டது. சரியாக இரண்டு கிழமையில், டிசம்பர் 21 இரவு, கிளிநொச்சி முல்லைத்தீவு இரண்டிலும் பேய்மழை. விடியும்போது பல்லாயிரம் பேர் வெள்ளத்தில் நின்றார்கள். இராணுவம் படகோடு வந்தது, ஆட்களை ஏற்றியது, சமைத்த சாப்பாடு கொடுத்தது. வான்கதவுகளைப் பிந்தித் திறந்ததால்தான் கீழே இவ்வளவு அழிவு என்று குற்றச்சாட்டு எழுந்தது, பொறியியலாளர்கள் மறுத்தார்கள், அடுத்த வருடம் வடமாகாண ஆளுநர் ஒரு விசாரணைக் குழுவையும் அமைத்தார்.

யார் சரி என்பதை விட எனக்கு முக்கியமாகப் படுவது, அந்த முடிவு எவ்வளவு கஷ்டமானது என்பதுதான். மார்கழியில் குளத்தில் நிற்கும் ஒவ்வொரு அடி தண்ணீரும் அடுத்த சிறுபோகத்தில் இத்தனை ஏக்கர் என்று கமக்காரர்கள் கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள். மழை வரும் என்று நம்பி முன்கூட்டியே கதவைத் திறந்துவிட்டு, மழை பொய்த்துப் போனால், பொறியியலாளரின் கதி என்ன? திறக்காமல் வைத்திருந்து மழை கொட்டினால் கண்டாவளை தாழும். இந்த முடிவை நள்ளிரவில், ஒரு மனிதர், தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு எடுக்கக் கூடாது. நீர்மட்டம் எத்தனை அடி, மேலே எவ்வளவு மழை, வரப்போகும் மழை எவ்வளவு, இந்த மூன்றும் எந்த அளவைத் தாண்டினால் எத்தனை கதவு எத்தனை அங்குலம் என்பது ஐப்பசிக்கு முன்பே எழுதி, கமக்காரர் அமைப்புகள் கையொப்பம் வைத்து, கச்சேரியில் இருக்கவேண்டும். முன்கூட்டித் திறந்து தண்ணீர் வீணானால் சிறுபோகத்தில் இழக்கிறவர்களுக்கு நட்டஈடு யார் கொடுப்பது என்பதும் அதே தாளில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் எந்தப் பொறியியலாளரும் துணிந்து திறக்கமாட்டார். எத்தனை படைப்பிரிவு வந்து நின்றாலும் இந்த வேலையை அவர்களால் செய்யமுடியாது.

அடுத்தது எச்சரிக்கை. கதவு திறக்கிறார்கள் என்று சொன்னால் போதாது. கண்டாவளையில் இருக்கிற ஒரு குடும்பத்துக்குத் தெரியவேண்டியது இதுதான்: தண்ணீர் எங்கள் ஒழுங்கைக்கு எத்தனை மணிக்கு வரும், முழங்கால் அளவா இடுப்பளவா, எந்த வீதியால் போகலாம், எந்தப் பள்ளிக்கூடம் திறந்திருக்கிறது. அது தெரிந்தால் தண்ணீர் பம்பைக் கழற்றி உயரத்தில் வைக்கலாம், விதைநெல்லை மேசைக்கு மேல் ஏற்றலாம், காணி உறுதியையும் அடையாள அட்டையையும் பொலித்தீனில் சுற்றலாம், மாட்டை அவிழ்த்துவிடலாம். இரவு ஒன்பது மணிக்குத் தெரிந்தால் இவ்வளவும் செய்து முடித்துவிடலாம். விடியற்காலை இரண்டு மணிக்கு முற்றத்தில் சத்தம் கேட்டுத் தெரிந்தால் பிள்ளைகளைத் தூக்கத்தான் நேரம் இருக்கும்.

டித்வா நேரத்தில் கொழும்பிலிருந்து வந்த பல அறிவித்தல்கள் தமிழில் வரவில்லை, வந்தவையும் பிந்தித்தான் வந்தன என்று வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் பலர் சொன்னார்கள். தமிழ் இந்த நாட்டின் அரசகரும மொழி. உயிர்காக்கும் ஒரு வசனம் அந்த மொழியில் வரத் தாமதமாவதை எந்த அவசரமும் நியாயப்படுத்தாது. அந்த இடைவெளியை வருடக்கணக்காக நிரப்பிக்கொண்டிருப்பவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புவியியல்துறை விரிவுரையாளர் நாகமுத்து பிரதீபராஜா. தாழமுக்கம் ஒன்று உருவானால் வன்னியில் பாதிப்பேர் முதலில் பார்ப்பது அவர் முகநூலில் தமிழில் என்ன எழுதியிருக்கிறார் என்பதைத்தான். அவருக்கு நாங்கள் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் ஒரு விரிவுரையாளரின் கைத்தொலைபேசியை நம்பி ஒரு மாகாணம் மாரிகாலத்தைக் கழிப்பது அரசின் ஆயத்தம் ஆகாது.

சரி, படைகளின் விடயத்துக்கு வருவோம். படைகளிடம் இருப்பது வேறு யாரிடமும் இல்லை: படகு, ஹெலிகொப்டர், கனரக வாகனம், சொன்னவுடன் புறப்படக்கூடிய ஆட்கள். டித்வா நாட்களில் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போன பஸ் ஒன்று கலா ஓயா வெள்ளத்தில் அகப்பட்டது. எழுபது பேரளவில் பக்கத்து வீட்டுக் கூரையில் ஏறி நின்றார்கள். கடற்படையினர் அந்த நீரோட்டத்தில் போய் அவர்களைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அந்த மாலுமிகளுக்கு நன்றி சொல்வதில் யாருக்கும் தயக்கம் இருக்கக்கூடாது. அதே சம்பவத்தில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. வெள்ளம் வீதியைக் கடக்கும் என்று தெரிந்திருந்த நேரத்தில் அந்த வீதி ஏன் பூட்டப்பட்டிருக்கவில்லை? பஸ்ஸை மறித்துத் திருப்பி அனுப்ப ஹெலிகொப்டர் தேவையில்லை, ஒரு பொலிஸ்காரரும் ஒரு தடையும் போதும்.

சாலை என்ற கரையோர ஊரில் நடந்தது அதைவிடத் துயரம். சுண்டிக்குளம் களப்பில் தண்ணீர் நிரம்பியபோது, அது கடலுக்கு வடியும் வாயை அகலப்படுத்தும் வேலையில் ஈடுபட்ட கடற்படையினர் ஐந்து பேர் உயிரிழந்தார்கள். அந்த ஐந்து குடும்பங்களும் இந்தத் தீவின் எங்கோ ஓர் ஊரில் இன்றைக்கும் அழுதுகொண்டிருக்கும். எங்கள் வீடுகளில் தண்ணீர் வடியவேண்டும் என்பதற்காகப் போனவர்கள் அவர்கள். அதனாலேயே இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடமுடியாது: களப்பு வாயை வெட்டுகிற வேலையை, வெள்ளம் நெஞ்சுக்கு வந்த நாளில் படையினரிடம் ஏன் கொடுக்கவேண்டி வந்தது? நந்திக்கடலிலும் சுண்டிக்குளத்திலும் எந்த இடத்தில் மணல்மேடு மெலிவாக இருக்கிறது, எந்த அளவில் வாயை வெட்டினால் தண்ணீர் இழுக்கும், எப்போது கிட்டப் போகக்கூடாது என்பது அங்கே தொழில் செய்கிற மீனவர்களுக்குத் தெரியும். வெட்டுகிற நாள் இறாலுக்கும் மீனுக்கும் முக்கியம் என்பதால் அவர்கள் அதை வருடா வருடம் பேசுகிறார்கள். கடற்தொழிலாளர் சங்கமும் நீர்ப்பாசனத் திணைக்களமும் பிரதேச செயலகமும் கார்த்திகை பிறக்க முன் உட்கார்ந்து பேசி, அளவு போட்டு, இயந்திரம் வைத்துச் செய்கிற வேலை இது. அப்படிச் செய்தால் யாருடைய பிள்ளையும் அந்த நீரோட்டத்தில் இறங்கவேண்டி வராது.

வன்னியில் சீருடை வெறும் உதவிக்கரமாக வந்து போவதில்லை என்பதையும் நேராகச் சொல்லவேண்டும். 2008 நவம்பர் கடைசியில் நிஷா புயல் வந்தபோது இங்கே யுத்தம். அந்த வருடம் செப்டம்பரில்தான் ஐ.நா. அமைப்புகளும் சர்வதேசத் தொண்டு நிறுவனங்களும் வன்னியை விட்டு வெளியேறும்படி அரசு பணித்திருந்தது. ஏற்கனவே இடம்பெயர்ந்து தரப்பாளுக்குக் கீழே கிடந்த சனம், அந்தத் தரப்பாளும் மிதக்க, மரத்தடியிலும் வீதிக்கரையிலும் நின்றது. அதே வருடம் மே மாதம் நர்கிஸ் புயலில் மியன்மாரின் இராணுவ ஆட்சி வெளிநாட்டு உதவியை வாரக்கணக்கில் தடுத்து வைத்ததை உலகமே கண்டித்தது. அங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வன்னியின் அந்த மாரியைப் பற்றி உலகம் அதிகம் பேசவில்லை. இன்றைக்கு வீட்டு வாசலில் படகோடு வந்து நிற்கிற இளைஞனுக்கு அப்போது இரண்டோ மூன்றோ வயதாக இருந்திருக்கலாம். அவன்மேல் யாருக்கும் கோபம் இல்லை. ஆனால் வாசலில் நிற்கிற தாய்க்கு அந்தச் சீருடை வேறு நாட்களையும் ஞாபகப்படுத்துகிறது. அவளுடைய தயக்கத்தை நன்றிகெட்டதனம் என்று சொல்வது அநியாயம்.

நடைமுறைப் பிரச்சினையும் உண்டு. ஊர்காவல் படையிலிருந்து உருவான சிவில் பாதுகாப்புத் திணைக்களம் இங்கே பண்ணை நடத்துகிறது, முன்பள்ளி ஆசிரியைகளுக்குச் சம்பளம் கொடுக்கிறது. இடைத்தங்கல் முகாமாகிய பள்ளிக்கூடத்தில் கிராம அலுவலர் ஒரு பதிவு எடுப்பார், பிறகு சீருடையில் வந்தவர்களும் பெயர், தொலைபேசி, குடும்ப விபரம் கேட்பார்கள். கணவனை இழந்த, காணாமலாக்கப்பட்டவரைத் தேடிக்கொண்டிருக்கிற பெண்ணுக்கு இது சாதாரணக் கேள்வி இல்லை. பெண்களின் மலசலகூடத்துக்குப் போகிற பாதையில் ஆண் படையினர் காவலுக்கு நிற்பதும் சாதாரண விடயம் இல்லை. பதிவு ஒரு இடத்தில், சிவில் அலுவலரின் கையில் மட்டும் இருக்கவேண்டும். முகாமின் உள்நிர்வாகம் பெண் உத்தியோகத்தர்களிடம் இருக்கவேண்டும். காசு செலவாகாத ஏற்பாடுகள் இவை.

சட்டமும் இதோடு சேர்ந்தது. சுனாமிக்குப் பிறகு 2005இல் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. அனர்த்த நிலையைப் பிரகடனம் செய்ய அந்தச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. ஆனாலும் 2025 நவம்பர் 28ஆம் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க கையில் எடுத்தது பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தை, பிரகடனமானது அவசரகாலநிலை. அந்த அளவு அழிவுக்கு வேகமான அதிகாரம் வேண்டும் என்ற வாதம் எனக்கு விளங்குகிறது. 2011 வரைக்கும் அவசரகாலச் சட்டத்துக்குக் கீழே பிறந்து, வளர்ந்து, பிடிபட்டு, காணாமல் போன ஒரு சமூகத்துக்கு அந்தச் சொல் எப்படிக் கேட்கும் என்பதையும் ஆட்சியாளர்கள் விளங்கிக்கொள்ளவேண்டும். அனர்த்தத்துக்கென்றே இருக்கிற சட்டத்தைப் பயன்படுத்தியிருந்தால் அந்தப் பயம் தேவையில்லாமல் போயிருக்கும்.

இந்த வாதம் எங்களுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் 2005 ஓகஸ்ட் 29ஆம் திகதி கத்ரீனா புயல் நியூ ஓர்லியன்ஸைத் தாக்கி, வெள்ள அணைகள் உடைந்து, நகரத்தின் எண்பது வீதம் நீரில் மூழ்கியது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்கு ஒரு வருடம் முன்புதான் பாம் என்ற கற்பனைப் புயலை வைத்து அதே நகரத்துக்கு ஒத்திகை பார்த்திருந்தார்கள். அணையைத் தாண்டி வெள்ளம் வரும், வாகனம் இல்லாத ஏழைகள் வெளியேற முடியாமல் நிற்பார்கள் என்பதெல்லாம் முன்பே பேசப்பட்டவை. ஒத்திகையில் கண்டது திட்டமாக முடியவில்லை. இன்னொன்றும் நடந்திருந்தது. அனர்த்தங்களைக் கவனிக்கும் பெமா நிறுவனத்தை 2003இல் உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களத்துக்குள் கொண்டுபோயிருந்தார்கள். கவனமும் பணமும் பயங்கரவாதத் தடுப்புப் பக்கம் போக, வெள்ளமும் புயலும் பின்னுக்குப் போயின என்பது பிறகு வந்த விமர்சனங்களில் முக்கியமானது.

இலங்கையில் அனர்த்த முகாமைத்துவ நிலையம் பாதுகாப்பு அமைச்சின் கீழ் இருக்கிறது. அதன் தலைமையில் ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரிகள் இருந்து வருகிறார்கள். திறமையானவர்களாகவே இருக்கலாம். ஆனால் பாதுகாப்பு அமைச்சுக்குப் பழக்கமான வேலை, கட்டளை வந்தவுடன் ஆட்களை இறக்குவது. வான்கதவு விதிமுறை, வாய்க்கால் துப்புரவு, மதகின் அகலம், தமிழில் எச்சரிக்கை எல்லாம் அந்த மேசையில் எப்போதும் அடியில் கிடக்கும். இரணைமடு மாகாண நீர்ப்பாசனத்தின் பொறுப்பு. அருவி ஆறு மத்திய நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறுப்பு. அனர்த்தம் பாதுகாப்பு அமைச்சின் பொறுப்பு. ஒரே மழை மூன்று கையில் பிரிந்து கிடக்கிறது.

கத்ரீனாவில் படையின் பங்கு பற்றி இரண்டு விடயங்கள் எங்களுக்கு உதவும். வெள்ளத்தில் தவித்த கறுப்பின மக்களை நோக்கித் துப்பாக்கி நீட்டிக்கொண்டு வந்த படையினரைப் பார்த்து, ஆயுதங்களைக் கீழே தாழ்த்தும்படி ஜெனரல் ரசல் ஒனோரே தெருவில் வைத்தே உத்தரவிட்டார். அவர்கள் எதிரிகள் அல்லர், உதவி கேட்டு நிற்கும் குடிமக்கள் என்பதை அந்தத் தளபதி முதலில் தன் படைக்கே புரியவைக்க வேண்டியிருந்தது. அடுத்தது, மாநிலப் படையைத் தன் கட்டளைக்குக் கீழே கொண்டுவர ஜனாதிபதி புஷ் விரும்பியபோது லூசியானா ஆளுநர் கத்லீன் பிளாங்கோ சம்மதிக்கவில்லை. பிறகு 2006இல் ஜனாதிபதிக்கு அந்த அதிகாரத்தைக் கூட்டிக் கொடுத்த சட்டத்திருத்தத்தை மாநில ஆளுநர்கள் எதிர்த்தார்கள். 2008இல் அது நீக்கப்பட்டது. உதவிக்கு வருகிற படை யாருடைய சொல்லைக் கேட்கும் என்பதை அந்த நாடு சட்டமன்றத்தில் வெளிப்படையாக வாதாடித் தீர்த்தது. இங்கே மாவட்டச் செயலாளர் ஒரு படகு வேண்டும் என்று கேட்டால், அது வேண்டுகோளா கட்டளையா? எழுத்தில் பதில் இருக்கவேண்டும்.

ஆயத்தம் செய்து காட்டியவர்கள் எங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். 1970இல் போலா புயலில் மூன்று லட்சம் பேருக்கு மேல் பறிகொடுத்த வங்காளதேசம், சூறாவளி ஆயத்தத் திட்டம் என்ற தொண்டர் அமைப்பைக் கட்டியெழுப்பியது. இன்று எழுபத்தாறாயிரம் தொண்டர்கள், பாதிப்பேர் பெண்கள். ஆபத்துக் கூடக்கூடக் கொடியின் எண்ணிக்கை கூடும். ஒலிபெருக்கியோடும் கைச்சங்கோடும் வீடு வீடாகப் போவார்கள். 2020 அம்பான் புயலுக்கு இருபது லட்சத்துக்கு மேற்பட்டவர்களை அங்கே வெளியேற்றினார்கள். இறந்தவர்களின் எண்ணிக்கை பத்துக்கணக்கில் நின்றது. 1999இல் பத்தாயிரம் பேரை இழந்த ஒடிசாவும் அதே பாதையில் போய், 2013 பைலின் புயலுக்குப் பத்து லட்சம் பேரளவில் இடம் மாற்றியது. இரண்டு இடத்திலும் படை இருக்கிறது. அது கடைசியில் வருகிறது.

வன்னியில் அப்படியொரு தொண்டர் படைக்கு ஆட்கள் தேவைக்கு மேலேயே இருக்கிறார்கள். கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், கமக்காரர் அமைப்பு, விளையாட்டுக் கழகம் இல்லாத ஊர் இல்லை. வெள்ளம் வந்தால் முதல் கயிற்றைக் கட்டுவதும் முதல் பானையை அடுப்பில் வைப்பதும் அவர்கள்தான். அவர்களிடம் இல்லாதது உயிர்காப்பு அங்கி, இரண்டு படகு, ஒரு ஜெனரேட்டர், அப்புறம் கிராம அலுவலரிடமிருந்து நேரத்துக்கு வருகிற ஒரு அழைப்பு.

மாடுகளைப் பற்றிச் சொல்லாமல் வன்னியின் புயல் கதை முடியாது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் எங்கள் கரைக்கே வரவில்லை, மாமல்லபுரத்துக்குக் கிட்டக் கரையேறியது. ஆனால் அந்த நாட்களின் குளிர்காற்றும் விடாத மழையும் கிளிநொச்சி, முல்லைத்தீவு வெளிகளில் பட்டி பட்டியாக மாடுகளைச் சாகடித்தன. கட்டாக்காலியாக மேய்கிற மாட்டுக்கு ஒதுங்க இடமில்லை. எந்த எச்சரிக்கையிலும் மாட்டைப் பற்றி ஒரு வரி இருக்கவில்லை. எந்தப் படையும் மீட்கக்கூடிய இழப்பு இல்லை இது. மேய்ச்சல் தரையில் உயரமான இடத்தில் நாலு கொட்டில், குளிர் வரும் என்று கால்நடை வைத்தியரிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி: இவ்வளவுதான் தேவைப்பட்டது.

மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக்கள் ஒவ்வொரு வருடமும் மாரிக்கு முன் கூடுகின்றன. இந்த முறை அங்கே போகிறவர்கள், கமக்காரர் அமைப்பாக இருந்தாலும் கடற்தொழிலாளர் சங்கமாக இருந்தாலும், ஒவ்வொன்றாகக் கேட்கவேண்டும்: இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் ஆகியவற்றின் வான்கதவு விதிமுறை எழுத்தில் எங்கே, அநுராதபுரம் தண்ணீர் திறந்தால் மன்னார் கச்சேரிக்கு யார், எந்த மொழியில், எத்தனை நிமிடத்தில் சொல்வது, சாலையிலும் நந்திக்கடலின் வட்டுவாகலிலும் களப்பு வாயை வெட்டுவது எந்தத் திகதியில், யாருடைய மேற்பார்வையில், முகாம் பதிவு யாரிடம் இருக்கும், படகு கேட்கும் அதிகாரம் யாருக்கு. பதில் இல்லாத ஒவ்வொரு கேள்வியையும் கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள். அதன் பிரதி ஒன்றையும் கையோடு வாங்கி வையுங்கள்.